நாற்பத்திரண்டாம் நம்பர் பிலிம்

ஸ்வர்ணலதா பேருந்தில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை இரண்டு நிறுத்தத்துக்குள் காலியாகிவிடும். அடையாற்றிலிருந்து தி.நகர் போகும் வண்டியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கவே இடமிருக்காது. ஆனாலும் அவள் அருகே உட்கார்ந்த பெண்மணி முதலில் மூக்கைச் சுளிப்பாள், பிறகு முந்தானையால் பொத்திக்கொள்வாள், சைதாப்பேட்டை வருவதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுவிடுவாள். அழுகின முட்டையும் கேஸ் கசிவும் கலந்தாற்போல ஒரு வாடை. அவள் கையாளும் கந்தக ரசாயனங்களின் வாடை அது. கையுறை போட்டுக்கொண்டாலும், கிளம்புமுன் உடுப்பு மாற்றினாலும், தலைமுடியில் தங்கிவிடும். ஆரம்பத்தில் கூசிப்போனாள். பத்து வருஷத்தில் கூச்சம் போய் அசதிதான் மிஞ்சியது. இப்போதெல்லாம் காலியான இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். தம்பி பொன்ராஜ் இப்போது அதை நடத்துகிறான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘சோடாபுட்டி’ என்று பெயர். எட்டு வயதிலேயே மைனஸ் ஒன்பது. கண்ணாடியின் கனத்தில் மூக்கின் இருபுறமும் தழும்பு விழுந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் வாத்தியார் ஒளிவிலகல் எண்ணைப் பற்றிச் சொன்னபோது வகுப்பில் யாரும் நிமிராத இடத்தில் இவள் நிமிர்ந்தாள். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான கணக்கு அது. எண் கூடினால் லென்ஸ் மெலிசாகும். “அப்ப கண்ணாடி இவ்ளோ கனமா இருக்க வேண்டியதில்லையா சார்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கேள்வி அவளை விடவில்லை. வேதியியல் படித்து, ராஜகோபாலன் என்ற பேராசிரியரிடம் முனைவர் பட்டம் வாங்கி, பின்னாளில் அவர் தலைமை வகித்த துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிக் கடைகளில் மெல்லிய லென்ஸ் வந்து வெகுகாலமாகிவிட்டது. அவளே அதைத்தான் போட்டிருக்கிறாள். இப்போது உலகம் கேட்பது வேறு. செல்போன் கேமராவுக்குள் மிளகளவு லென்ஸ் இருக்கிறதே, அதை மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பற்றவைக்கும்போது இருநூற்று அறுபது டிகிரிச் சூட்டில் போட்டு எடுப்பார்கள். சாதாரண பிளாஸ்டிக் அதில் உருகிவிடும். உருகாத, தண்ணீர்போலத் தெளிந்த, வெளிச்சத்தை நன்றாக வளைக்கிற பாலிமர் ஒன்று வேண்டும்.

சொல்லும்போது மூன்றே குணம்தான். செய்யும்போது மூன்றும் மூன்று திசையில் இழுக்கும். கந்தகம் சேர்த்தால் எண் கூடும். மூலக்கூறில் வளையங்களை நெருக்கி அடுக்கினால் சூடு தாங்கும். இரண்டையும் செய்தால் மஞ்சள் ஏறிவிடும். மஞ்சளை விரட்டினால் மற்ற இரண்டில் ஒன்று கைவிட்டுப் போகும். இப்படியே, மெல்லிய ஏடாக வார்த்துச் சோதிக்கும் பிலிம் நாற்பத்தொன்று செய்தாகிவிட்டது.

மூலக்கூறுகளைக் கணினியில் வரைவது ஹம்சா. மயிலாப்பூர்ப் பெண், முப்பது வயது, ஆராய்ச்சி மாணவியாக ஆறாவது வருஷம். அவள் நூறு வரைந்தால் இரண்டைத்தான் உண்மையில் செய்ய முடியும். அந்த இரண்டைச் செய்வது ஸ்வர்ணலதா. கரைசலைக் கண்ணாடித் தட்டில் மெலிசாக வார்த்து, நைட்ரஜன் ஓடும் ஓவனுக்குள் படிப்படியாக முந்நூறு டிகிரிவரை சூடேற்ற வேண்டும். அந்தக் கடைசிச் சூட்டில்தான் பாலிமர் முழுதாக இறுகும். ஆறியதும் வெந்நீரில் ஊறவைத்து உரித்தால் காகிதம்போல வரும். ஒவ்வொரு முறையும், கருவிகளைக் கழுவ வரும் புஷ்பம்தான் முதலில் எட்டிப்பார்ப்பாள்.

“இன்னா மேடம், இன்னிக்கு எலுமிச்சம்பழமா, மாம்பழமா?”

“மாம்பழம்தான் புஷ்பம்.”

“போன வாரத்துக்கு இது தேவலாம் மேடம். அது டீ டிகாஷன் கணக்கா கீந்துச்சு.”

மார்ச் மாதம் நாற்பத்திரண்டாம் பிலிமை வார்த்தாள். ஒரே கரைசலில் இரண்டு தட்டு. பெரிய ஓவனில் ஒன்று, இடமில்லாததால் சின்ன ஓவனில் ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடி மறுபடி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பொன்ராஜ் போன் செய்தான். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். ஓவன்கள் தாமாகவே ஓடி முடியும் என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள். கண் எரிந்தது. இரண்டு தட்டையும் எடுத்துப் பிலிமை உரித்தாள். ஒன்று பளிங்குபோல இருந்தது. மற்றது லேசாக மஞ்சள். மஞ்சளாக இருப்பது கொஞ்சம் கனமாக வார்த்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு கவர், இரண்டிலும் ‘42’ என்று மட்டும் எழுதினாள். தெளிந்ததை நிறம் அளக்க ஹம்சாவிடம் கொடுத்தாள். மற்றதை ஒளிவிலகல் எண்ணும் சூடும் சோதிக்கக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினாள். பத்து மணிக்கு மறுபடி ராயப்பேட்டை.

வெள்ளிக்கிழமை முடிவுகள் வந்தன. எண் ஒன்று புள்ளி ஏழு நான்கு. முந்நூற்றைம்பது டிகிரிவரை அசையவில்லை. நிறம் இல்லை. ஹம்சா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆறு வருஷப் பழக்கத்தில், ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டு துண்டும் முழு சூடு பாத்ததுதானே மேடம்?”

“ஆமாம்மா” என்றாள் ஸ்வர்ணலதா. அந்த நேரத்தில் அவள் மனம் அப்பாவின் எக்ஸ்ரேயில் இருந்தது.

அதற்கப்புறம் காரியங்கள் தம்போக்கில் ஓடின. கட்டுரை ஒன்று எழுதி இதழுக்கு அனுப்பினார்கள்; திருத்தத்தோடு ஏற்பதாகப் பதில் வந்தது. அதைக் காட்டி ஹம்சாவுக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் உறுதியானது. பெருங்குடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு லென்ஸ் கம்பெனி இந்தத் திட்டத்துக்குப் பண உதவி தந்துகொண்டிருந்தது. அவர்கள் ஜூலையில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ராஜகோபாலன் டிசம்பரில் ஓய்வு பெறுகிறவர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் நடைபாதையில் ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு போனதை எல்லோரும் கேட்டார்கள்.

ஸ்வர்ணலதாவால் மட்டும் அந்தப் பிலிமை மறுபடி செய்ய முடியவில்லை. ஏப்ரலில் இரண்டு முறை, மே மாதம் இரண்டு முறை, ஜூனில் ஒரு முறை. ஐந்தும் மஞ்சள். நைட்ரஜனில் காற்று கலந்திருக்கும் என்றாள் ஹம்சா. மூலப்பொருளில் அழுக்கு இருக்கும், மறுபடி சுத்திகரி என்றார் ராஜகோபாலன். அவள் மறுபடி சுத்திகரித்தாள். வீட்டுக்குப் போனால் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் புண் வந்துவிடாமல் பவுடர் போட வேண்டும். பொன்ராஜ் கடையைச் சாத்தி வருவதற்குள் அவள் நாற்காலியிலேயே தூங்கியிருப்பாள்.

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளும் புஷ்பமும்தான். மேசை இழுப்பறையில் அந்த நல்ல பிலிமில் மிச்சம் கட்டைவிரல் நகத்தளவு ஒரு துண்டு இருந்தது. அதைத் தொட யாருக்கும் மனம் வந்ததில்லை. திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் கண்முன்னே சுட்டுக் காட்டலாமா என்று ராஜகோபாலன் கேட்டிருந்தார். அதற்காக ஓர் ஓரத்தைக் கத்தரித்து, இருநூற்று அறுபது டிகிரியில் வைத்த தட்டின்மேல் இடுக்கியால் வைத்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எண்ணெயில் போட்ட அப்பளம்போலச் சுருண்டு, மஞ்சளாகி, ஓரத்தில் பழுப்பேறியது.

“ஐயய்யோ, கருகிக்கினு போவுது மேடம்” என்றாள் புஷ்பம்.

ஸ்வர்ணலதா சின்ன ஓவனிடம் போனாள். அதன் சூட்டுப் பதிவு அதிலேயே சேமிப்பில் இருக்கும். இதுவரை அதைத் திறந்து பார்க்கத் தோன்றியதில்லை. மார்ச் மாதத் தேதிக்குப் போனாள். கோடு படிப்படியாக ஏறி, மூன்று மணிக்கு நூற்றெண்பதுக்கு வந்து, அதற்கப்புறம் கீழே இறங்கியிருந்தது. கரண்ட் திரும்ப வந்தபோது பெரிய ஓவன் தானாக ஓடியிருக்கிறது, சின்னது ஓடவில்லை.

தெளிந்த பிலிம் வேகாத பிலிம். வெந்த பிலிம் மஞ்சள் பிலிம். ஒரே பிலிமின் குணங்கள் என்று அவர்கள் எழுதியவை இரண்டு பிலிம்களுடையவை. இரண்டுக்கும் ஒரே எண் போட்டது அவள் கை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கைகால்கள்தான் ஈரமணல் நிரப்பினதுபோலக் கனத்தன. புஷ்பம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குடுவைகளைக் கழுவப் போனாள்.

சாயங்காலம் மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த ராஜகோபாலனின் பிளாட்டுக்குப் போனாள். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஜன்னலோரமாக, அவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ராஜகோபாலன் தம்ளரைக் கீழே வைத்தார்.

“நிச்சயமா?”

“ஓவன்ல பதிவு இருக்கு சார்.”

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். புஷ்பம் அது கருகினதைப் பார்த்தா.”

“திங்கட்கிழமை அவா வந்துட்டுப் போகட்டுமே ஸ்வர்ணா. பத்து நாள் கழிச்சு, திரும்பச் செஞ்சு பார்த்ததுல வரலைன்னு சொல்லிக்கலாம். பொய்யும் இல்லை அது.”

அவள் எதிர்வாதம் செய்யவில்லை. “என்னால அந்த முடிவையெல்லாம் படம் போட்டுக் காட்டிப் பேச முடியாது சார். தெம்பு இல்லை. இன்னிக்கு ஒண்ணு சொன்னா, நாளைக்கு அதை ஞாபகம் வெச்சுக்கணும், அதுக்குத் தக்கபடி நாளன்னிக்கு இன்னொண்ணு சொல்லணும். எனக்கு அப்பா மாத்திரையை ஞாபகம் வெச்சுக்கறதே பெரும்பாடா இருக்கு.”

அவர் சிரித்தார், அதில் சந்தோஷம் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டார். “நானும் அந்தப் பதிவை ஒரு தரம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும். பார்க்கலை. ரிட்டையர் ஆறச்சே நல்லதா ஒண்ணு கிடைச்சா யார் திருப்பிப் பார்ப்பா?” பிறகு எழுந்து நின்றார். “அவாகிட்ட நான் பேசறேன். ஹம்சாகிட்ட நீதான் சொல்லணும்.”

ஹம்சாவின் வீடு நடக்கிற தூரம்தான். போன் செய்ததும் கீழே இறங்கி வந்தாள். தெற்கு மாடவீதியில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே, ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடிதான் பேச முடிந்தது. கேட்டு முடித்ததும் ஹம்சாவின் முகம் முதலில் வெறுமையாக இருந்தது. மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சரிவதை எண்ணிக்கொண்டிருப்பாள்: கட்டுரை, ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம், ஜெர்மனி.

“நான் கேட்டேன் மேடம்” என்றாள். “ரெண்டும் முழு சூடு பாத்ததுதானேன்னு கேட்டேன். ஆமான்னு சொன்னேள்.”

“சொன்னேன்.”

“இன்னொரு தடவை கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது. உங்கப்பா ஆஸ்பத்திரில இருக்கார், நீங்க ராத்திரி தூங்கலைன்னு தெரியும். பாவம்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும்.” ஒரு ஸ்கூட்டருக்கு ஒதுங்கிவிட்டு நிமிர்ந்தாள். “உங்களுக்கு வேலை இருக்கு மேடம். எனக்கு என்ன இருக்கு?”

ஸ்வர்ணலதா மன்னிப்புக் கேட்டாள். கேட்டது கூட்டத்தின் இரைச்சலில் ஹம்சாவின் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஹம்சா திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டில் அப்பாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டே பொன்ராஜிடம் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி கேட்டான்.

“கடையில குக்கரை மாத்திக் குடுத்துட்டா மறுநாள் கொண்டாந்து மாத்திட்டுப் போறாங்க. இதுக்குப் போயி இவ்வளவு இடிஞ்சுபோயி உக்காந்திருக்கியேக்கா?”

“மாத்திக் குடுக்க என்கிட்ட வேற சரக்கு இல்லையேடா.”

அவன் சட்டையை மாட்டப் போனவன் அப்படியே நின்றான். “நான் அன்னைக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா…”

“பேசாம இரு. பண்ணாம இருந்திருந்தா அப்பவே உன்னை உதைச்சிருப்பேன்.”

படுக்கையிலிருந்த அப்பா என்ன புரிந்துகொண்டாரோ, “ரெண்டு பேரும் சண்டை போடாதீய” என்றார்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ராஜகோபாலன் யார் பெயரையும் சொல்லவில்லை. எங்கள் குழுவின் பிழை என்றார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள், செப்டம்பரோடு பண உதவியை நிறுத்திக்கொள்வதாக ஆகஸ்டில் கடிதம் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஜெர்மனிக்காரர்கள் கண்ணியமாக நாலு வரி எழுதி, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

ஹம்சா தினமும் வந்தாள். மூலையிலிருந்த மேசைக்கு மாறிக்கொண்டாள். ‘குட்மார்னிங்’கோடு சரி. ஒரே அறையில் இரண்டரை மாதம். ஸ்வர்ணலதா ஏழு மணிக்கே வந்து, கரைப்பானைக் காய்ச்சி வடிப்பாள், தட்டுத் துடைப்பாள், ஏதாவது ஒன்று வார்ப்பாள். இதற்கு முன்பெல்லாம் ஏதோ ஒரு நம்பிக்கை அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது. இப்போது கால்கள் மட்டும் வந்தன. ஒவ்வொரு கவரிலும் எந்த ஓவன், எந்தத் தட்டு, எத்தனை டிகிரி, எத்தனை மணி என்று எழுதி, ஓவனின் சூட்டுப் பதிவை அச்சடித்து ஒட்டினாள். நாளின் மிகச் சலிப்பான வேலை அதுதான். ஒரு நாளும் விட்டதில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஹம்சா அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“அந்தச் சின்ன ஓவன் நூத்தியெண்பதுக்கு வரதுக்கு முன்னாடி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் இருந்தது?”

ஸ்வர்ணலதா பதிவை எடுத்துக் கொடுத்தாள். ஹம்சா நின்றபடியே பார்த்தாள்.

“நூத்தியெண்பதுல நிறமே இல்லை. முந்நூறுல மஞ்சள். நடுவுல எங்கே ஏறறதுன்னு யாரும் பார்த்ததில்லை. பாலிமர் சங்கிலிகள் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சுதான் மஞ்சள் ஏறறது. அது எந்தச் சூட்டிலன்னு தெரிஞ்சா, அங்கே படிய விடாம முழங்கைமாதிரி ஒரு வளைவு வெச்சுப் பார்க்கலாம்.”

“பத்துப் பத்து டிகிரியா நிறுத்திப் பார்க்கலாம்” என்றாள் ஸ்வர்ணலதா. “பன்னிரண்டு பிலிம் ஆகும்.”

“ஆகட்டும்.”

ஆயிற்று. வடகிழக்குப் பருவமழை முழுக்க அந்தப் பன்னிரண்டில் போனது. பேச்சு வேலையைத் தாண்டவில்லை. இருநூற்று நாற்பதுக்கும் இருநூற்று அறுபதுக்கும் நடுவேதான் மஞ்சள் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வளைவு வைத்த புது மூலக்கூறில் ஒரு பிலிம் வார்த்தார்கள். சூடு தாங்கியது. எண் கொஞ்சம் இறங்கிவிட்டது. நிறம் முழுதும் போகவில்லை. வடிகஞ்சி நிறம் என்றாள் புஷ்பம். கேமராவுக்கு ஆகாது. விளக்குகளுக்கு மேல்பூச்சாக உதவலாம் என்று யாரோ சொன்னார்கள். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ஹம்சாவின் நாலாம் அத்தியாயம் அதுவாயிற்று. மார்ச் மாதத்துப் பிழையை அவள் மறைக்காமல் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஸ்வர்ணலதா அதைக் கைப்பிரதியில் படித்தாள். தன் பெயர் அதில் இல்லை. ஆனாலும் படிக்கும்போது காது சுட்டது.

அடுத்த ஜூனில் ஹம்சாவின் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஓய்வுபெற்றிருந்த ராஜகோபாலன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள், சமோசா சாப்பிட்டார்கள். ஹம்சாவுக்குப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணினி வேலை கிடைத்திருந்தது. மூலக்கூறுகளோடு சம்பந்தமில்லாத வேலை. கூட்டம் கலைந்ததும் அவள் ஸ்வர்ணலதாவிடம் வந்தாள். பட்டுப்புடவையில் வேறு யாரோபோல இருந்தாள்.

“உங்க மேல கோபம் போயிடுத்துன்னு நினைச்சுக்காதீங்கோ மேடம்” என்றாள் மெல்ல. “வேலை முடியணும், அதான் பேசினேன்.”

“தெரியும் ஹம்சா.”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் ஜெர்மனில இருந்திருப்பேன். அப்புறம் என்னிக்கோ ஒரு நாள் அங்கே யாராவது செஞ்சு பார்த்து… அதுவும் எனக்குத் தெரியறது. தெரிஞ்சு என்ன பண்றது?”

ஸ்வர்ணலதா தலையாட்டினாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினதாகும் என்று பட்டது. ஹம்சா குனிந்து அவள் காலைத் தொடப் போவதுபோல் வந்து, பாதியில் நிறுத்தி, கையை மட்டும் பற்றி அழுத்திவிட்டுப் போனாள்.

மணி மூன்றரை. அப்பாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிறவர் ஐந்து மணிக்கு வருவார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்வர்ணலதா வெளியே வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசல் வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தவள் கால்மணி நேரம் அப்படியே இருந்தாள். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, பஸ் டிப்போவை நோக்கி நடந்தாள்.